உன் கல்லறையில் ஒட்டிய சிலோன் டிக்கெட்

ஏளா,

சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரலிடுக்கில் சுண்ணாம்பு வாடை போகவில்லை. சோறு ஊட்டப் போனால் மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இன்று கல்லறைத் திருநாள். உன்னிடமிருந்துதான் வந்திருக்கிறேன். அங்கே நடந்ததெல்லாம் உன் காதில் விழுந்திருக்கும் என்று நம்பத்தான் ஆசை. ஆனாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

விலங்கியல் வகுப்பிலிருந்து நம்மை வள்ளத்தில் தீவுக்குக் கூட்டிப்போனார்களே, நினைவிருக்கிறதா? முழங்கால் தண்ணீரில் குனிந்து முருகைக்கல்லைப் பார்த்தோம். ஊரெல்லாம் கல் என்று சொன்ன அந்தப் பவளம் பூப்போல விரிந்து, நம் நிழல் பட்டதும் சுருங்கியது. நீ சேலை நனைவதையும் மறந்து நின்றாய். திரும்பும்போது, சிலோனில் அடிப்பக்கம் கண்ணாடி பதித்த படகு இருக்கிறதாம், ஒன்றையும் மிதிக்காமல் பார்க்கலாமாம் என்றாய். அன்று பிடித்த பைத்தியம் உனக்கு. எனக்கும்தான்.

பிறகு உனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சுண்ணாம்புக் காண்ட்ராக்டர். சுண்ணாம்பு சுடும் காளவாசலுக்குக் கல் எங்கிருந்து வருகிறது என்பது அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் உனக்குத் தெரிந்தது. நாம் குனிந்து பார்த்ததைத்தான் அவருடைய ஆட்கள் கடப்பாரையால் பெயர்த்து வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்தார்கள். நீ சண்டை போட்டாய். அவர் உன் ஆசை தெரிந்து விலை பேசினார். என் வீட்டு அடுப்படியில் நின்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

"வாய மூடிட்டு இருந்தா சிலோனுக்குக் கூட்டிட்டுப் போறாராம். அங்க உசிரோட பாக்கதுக்கு, இங்க உள்ளதச் சுட்டுப் பொடியாக்கணுமாக்கும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பிறகு பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவை நீட்டினாய். "மூஞ்சியப் பாரு, கப்பல்ல இருந்து தள்ளிவிட்டவ மாதிரி." போக மாட்டேன் என்றவளுக்கு அதை எறிய மட்டும் மனசில்லை. என்னிடமே கொடுத்துவைத்தாய்.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் வருஷப் பூசை முடியுமுன் அவர் அடுத்தவளைக் கட்டினார். அவளைச் சிலோனுக்கும் கூட்டிப்போனார். வந்து எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் படகுல ஒண்ணுமே இல்ல தங்கச்சி. வெறும் கல்லு."

அடுத்தவளைக் கட்டியதற்குக்கூட நான் அவரை மன்னித்துவிடுவேன். இந்த வார்த்தைக்கு மாட்டேன்.

இப்போது தீவு கரைகிறது. தடுக்க முருகைக்கல் இல்லாமல் அலை நேரே வருகிறது. பௌர்ணமியில் எங்கள் கொல்லை வரை தண்ணீர். மகன் தவழ்ந்து போய்விடுவானோ என்று கதவுக்குக் குறுக்கே பலகை வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன். குளிக்கும்போதும் காது வெளியில்தான். கரைக்காரர்கள் கொடுத்த புகாரை விசாரிக்க அதிகாரி வருகிறார். படித்த பிள்ளை, நீ பேசு என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இது உன் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

இன்று நான், கரையில் ஒதுங்கிய கிளிஞ்சலில் சுட்ட சுண்ணாம்பைக் கரைத்து வாளியில் கொண்டுவந்தேன். எனக்கு முந்தியே உன் கல்லறை வெளுத்திருந்தது. "நம்ம காளவாசல் சுண்ணாம்பு. பால் மாதிரி இருக்கு பாத்தியளா?" என்றார் உன் வீட்டுக்காரர். எதைச் சுட வேண்டாம் என்று நீ அழுதாயோ அதையே உன் மேல் பூசியிருக்கிறார். நான் அதன் மேலேயே பட்டை பட்டையாக என் சுண்ணாம்பை அடித்தேன்.

பங்குச் சாமியார் கல்லறைகளை மந்திரிக்க வருவதற்காகச் சனம் காத்து நின்றது. உன் வீட்டுக்காரர் என் கணவரிடம் ஒரு கவரை நீட்டினார். எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னார்: "ரயிலுக்கும் கப்பலுக்கும் சேத்து டிக்கெட்டு. குடும்பத்தோட சிலோன் போயிட்டு வாங்க. அதிகாரி வந்து போறதுக்குள்ள புள்ளைக்கும் காத்து மாறுனாப்புல இருக்கும்."

என் கணவர் கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. ஊரையெல்லாம் கப்பலேற்றிவிட்டு, தான் ஏறாதவர். அவர் கை நீண்டது. உன்னிடம் மறைப்பானேன், என் மனசும் நீண்டது. கண்ணாடிக்குக் கீழே பூ விரிவதை ஒரு நொடி பார்த்தேவிட்டேன்.

கவரை நான் வாங்கினேன்.

"அண்ணாச்சி, இது அவளுக்குப் பேசுன கூலிதான? அவளே வாங்கல. அவகிட்டயே குடுத்துப் பாருங்க."

உன் பெயர் இருந்த இடத்தில், ஈரச் சுண்ணாம்பில், உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினேன். கணவரைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் என் கையிலிருந்த சுண்ணாம்பு மட்டையை வாங்கி வாளியில் முக்கி, கவரின் ஓரம் பெயராதபடி அதன் மேலும் ஒரு பட்டை அடித்தார்.

சாமியார் வந்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் உன் வீட்டுக்காரரால் அதைப் பிய்க்கவும் முடியவில்லை, அங்கே நிற்கவும் முடியவில்லை. மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர்களெல்லாம் குனிந்து அதைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் பூசை முடியும் வரை அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்காகச் சாமியாரிடம் எந்தப் பாவசங்கீர்த்தனமும் செய்யப்போவதில்லை.

நாளை ஆள் அனுப்பிச் சுரண்டுவார். சுரண்டட்டும், அவர் பூசியதும் சேர்ந்துதான் வரும். அதிகாரி வரும்போது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நிற்பேன்.

ஆசை போய்விடவில்லை, ஏளா. உன் போட்டோ என் பெட்டியில்தான் இருக்கிறது. யார் வாயையும் மூடாத காசில் ஒருநாள் அந்தப் படகில் ஏறி, நம் இரண்டு பேருக்குமாகக் குனிந்து பார்ப்பேன். ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அவர் வாசலுக்குப் போவேன். என்ன பார்த்தேன் என்பதை அவர் உட்கார்ந்து, கடைசி வரை கேட்க வேண்டும்.