பதினேழாம் எண் அரிசிப் பை

அனுப்புநர்:
வே. சற்குணம்,
உதவி உபாத்தியாயினி,
ஆற்றங்கரைத் தமிழ்ப் பாடசாலை,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.

பெறுநர்:
பாடசாலைகளின் மேற்பார்வை அதிகாரி துரையவர்கள்,
பினாங்கு.

விஷயம்: பாடசாலை நிதிக்காகப் பெற்றோர் தரும் பிடியரிசியை எடை போட்டுப் பெயர்ப் பட்டியல் ஒட்டுவதைத் தடுக்கவும், காலமான அஞ்சலை என்பவரின் பெயரை அதிலிருந்து நீக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பாடசாலையில் அறுபத்திரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பெற்றோரில் பெரும்பாலோர் துறைமுகக் கூலிகள். ரப்பர் விலை விழுந்தபின் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அவர்களிடம் பணம் கேட்கக் கூடாதென்று, முன்பிருந்த தலைமை உபாத்தியாயர் நாகநாதன் அவர்கள் பிடியரிசி வழக்கத்தை ஏற்படுத்தினார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துப் பாடசாலை கொடுத்த துணிப்பையில் போட வேண்டும். வியாழன் மதியம் பையை வாசல் ஆணியில் மாட்டினால் நான் போய் எடுத்து வருவேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அருகே சோற்றுக்கடை வைத்திருக்கும் நாகூர் மீரான் அவர்கள் அதை வாங்கிக்கொள்வார். அதில்தான் எங்களுக்குச் சிலேட்டும் புத்தகமும் வந்தன.

2. பைகள் எல்லாம் ஒரே துணி, ஒரே அளவு, அடையாளம் கிடையாது. ஒன்றும் இயலாதவர் வெறும் பையையே மாட்டலாம். பையின் வாயைச் சாடிக்குள் விட்டுத்தான் கவிழ்க்க வேண்டும், யார் எவ்வளவு போட்டார் என்று நானும் பார்க்கக் கூடாது என்பது நாகநாதன் அவர்களின் கட்டளை. மூன்று வருஷம் ஒருவர் முகமும் வாடாமல் காரியம் நடந்தது.

3. சென்ற ஜனவரியில் கனகசுந்தரம் அவர்கள் பாடசாலைக் கமிட்டியின் காரியதரிசியாக வந்தார். கெட்டவர் அல்லர், ஆனால் எதையும் எடை போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பைகளில் எண் தைக்கப்பட்டது. தராசு வந்தது. அதிகம் தந்த வீடு மேலே, குறைவாகத் தந்த வீடு கீழே என்று பெயரெழுதிச் சுவரில் ஒட்டினார். யாரையும் வற்புறுத்தவில்லையே, எழுதத்தானே செய்தோம் என்பது அவர் வாதம்.

4. அஞ்சலை கணவனை இழந்தவள். மேற்படி சோற்றுக்கடைக்கு மசாலா அரைத்துப் பிழைத்தவள். ஒரே மகள் பாக்கியம் எங்களிடம் இரண்டாம் வகுப்பு. மஞ்சள் அரைத்த கையால் அள்ளுவதால் அஞ்சலையின் அரிசியில் எப்போதும் மஞ்சள் ஒட்டியிருக்கும். சாடியில் அதை மட்டும் அடையாளம் கண்டுகொள்வேன், யாரிடமும் சொன்னதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவள், ஒருநாள் பாடசாலை வாசலில் நின்று, "எம் பேரு எத்தனாவதா இருக்குங்க வாத்தியாரம்மா?" என்று கேட்டாள். நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுக்கிறவள் என்ற கர்வத்தில், கடைசியில் என்று சொன்னேன். அந்தப் பாவம் என்னுடையது. காரியதரிசியின் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டேன்.

5. அன்று முதல் அவள் பங்குச் சோற்றின் அரிசி பைக்குப் போயிற்று. மே மாதம் காய்ச்சலில் விழுந்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். வயிற்றில் பல நாளாக ஒன்றுமில்லை என்று பார்க்க வந்த ஆஸ்பத்திரி டிரெசர் சொன்னார். உறவினர் யாரும் இல்லாததால் வாய்க்கரிசி நானே போட்டேன். பாக்கியத்தை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வீட்டுக்காரச் சீனர் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனார். பதினேழாம் எண் தைத்த அவள் பையை நான் கழற்றிவந்து என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

6. அடுத்த வியாழன், பூட்டிய அந்தக் கதவின் ஆணியில் பதினேழாம் எண் பை தொங்கியது. வாய் வரை நிறைந்திருந்தது. அரிசியில் மஞ்சள் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது, உள்ளே பை இல்லை. யாரோ இரக்கப்பட்டுச் செய்கிறார்கள் என்று சந்தில் வீடு வீடாகக் கேட்டேன். எதிர்வீட்டு ரொஸ்னா ஆண்டவன் மேல் சத்தியம் செய்தாள். மூன்றாம் வாரம் அஞ்சலையின் வாசலில் பட்டப்பகலில் காத்து நின்றேன். ஆணி வெறுமையாக இருந்தது. தூறல் விழவே, குடையை விரிக்கத் தலை குனிந்தேன். நிமிர்ந்தபோது பை இருந்தது. அரிசி, வெகுநேரம் உள்ளங்கையில் பிடித்திருந்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. நான் பேய் பிசாசுக்கு அஞ்சுகிறவள் அல்லள். அன்று அஞ்சினேன்.

7. காரியதரிசியிடம் முறையிட்டேன். அரிசி வரும்வரை பெயரை அடிக்க இயலாது என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். இப்போது வாராவாரம் அஞ்சலையின் பெயரே பட்டியலில் முதலாவது. செத்தவளே இவ்வளவு தரும்போது இருப்பவர்களுக்கு என்ன கேடு என்று மற்றத் தாய்மாரிடம் அவர் கேட்டதாக அறிகிறேன். ஒன்பது பிள்ளைகள் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

8. பாக்கியத்துக்கு வாசிக்கத் தெரியும். சுவரில் தாயின் பெயரைத் தினமும் வாசிக்கிறாள். ஒரு மாதமாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. என் பானையிலிருந்து தன் பங்கு அரிசியை அள்ளித் துணியில் முடிந்து வைக்கிறாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. சென்ற திங்கட்கிழமை மதியம் நான் கெஞ்சி ஊட்டப்போனபோது, "அம்மாவுக்குக் கை வலிக்குதாம் வாத்தியாரம்மா. எப்ப நிறுத்தலாம்னு உங்களக் கேக்கச் சொல்லிச்சு," என்றாள். அன்றே அந்தக் கதவருகே போய், போதும் அஞ்சலை, நிறுத்திவிடு என்று நானாகச் சொல்லிப் பார்த்தேன். நேற்றும் பை வந்தது. உதவி உபாத்தியாயினி சொன்னால் யார் கேட்பார்கள்?

9. ஆகையால், சுவரிலுள்ள பட்டியலைக் கிழிக்கவும், பைகளின் எண்களைப் பிரிக்கவும், வெறும் பையையும் மாட்டலாம் என்ற பழைய வழக்கத்தையே தொடரவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். அஞ்சலையிடமிருந்து இனி ஒரு பிடியும் வர வேண்டியதில்லை என்று அதில் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். தாய் நிறுத்தினால்தான் இந்தப் பிள்ளை சாப்பிடும். இன்னும் எத்தனை வியாழன் தாங்குவாள் என்று எனக்குத் தெரியவில்லை. உத்தரவு சர்க்கார் முத்திரையுடன், தமிழில், வரும் வியாழன் மதியத்துக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி அருள்கூர வேண்டுகிறேன். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கதவின் முன் நின்று நான்தான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

இடம்: ஜார்ஜ் டவுன், பினாங்கு
தேதி: 15 ஜூலை 1932, வெள்ளிக்கிழமை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
வே. சற்குணம்
(ஒப்பம்)