உன் கணக்கில் நாங்கள் இரண்டு குடும்பம்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு காலை

அன்பு மகள் எழில்மொழிக்கு அப்பா எழுதுவது. நான் ஏதோ இருக்கிறேன். அம்மா நலமாக இருப்பதாக மாடியிலிருந்து இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். நெதர்லாந்துக் குளிரில் நீ நலமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் பாரி பக்கத்திலேயே இருக்கிறான், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணன் அசோகனுக்கும் தம்பி பாரிக்கும் இன்னும் பேச்சு இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்தபோது பாரி என்னைக் கீழ்வீட்டில் வைத்துக்கொண்டான், தன் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அசோகன் அம்மாவை மூன்றாவது மாடிக்குக் கூட்டிப்போனான். ஒரே பிளாக்குதானே என்று நாங்களும் தலையாட்டிவிட்டோம். துறைமுகத்தில் கரி இறக்கிய நெஞ்சு எனக்கு, முதல் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. அவளுக்கோ முட்டி மடங்குவதில்லை. பொங்கலுக்குப் பிறகு அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

உன் ஆராய்ச்சிக்குக் குலுக்கிப் போட்டு எடுத்த தெருக்களில் நம் தெருவும் விழுந்திருக்கிறது. போன வாரம் மகிழினி என்கிற பெண் கேள்வி கேட்க வந்தாள். நான் உன் அப்பா என்று சொல்லிக்கொள்ளவில்லை. குடும்பத்தில் யார் யார் என்று கேட்டாள், உன் அம்மா மலர்க்கொடி பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அவங்க இதுல வரமாட்டாங்க தாத்தா, ஒரே வூட்டுச் சோறு சாப்ட்றவங்கதான் ஒரு குடும்பம், மேடம் அப்டித்தான் சொல்லிக்கீறாங்க என்றாள். அவ என் பொண்டாட்டிமா என்றேன். பாவம், அவளுக்கே சங்கடமாகிவிட்டது. மேலே போய் அம்மாவிடம் வூட்டுக்காரர் கூட கீறாரா என்று கேட்டிருக்கிறாள். கீயதான் கீறாரு, இருமுறாரே உனுக்குக் கேக்கல என்றாளாம் உன் அம்மா. வீட்டுக்காரர் கூட இல்லை என்றே அந்தப் பெண் குறித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த மேடம் என் மகள்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன தடவை வந்தபோது உன் கணக்கைப் பற்றிச் சொன்னாய். ஆள் குடும்பத்துக்குள், குடும்பம் தெருவுக்குள், சம்படத்துக்குள் சம்படம் மாதிரி. ஒரே வீட்டு ஆட்களின் நல்லது கெட்டது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்காமல் தனித்தனி ஆளாக எண்ணினால் கணக்கு தப்பிவிடும் என்றாய். எனக்கு அது மட்டும் மனதில் நின்றுவிட்டது. தூக்கம் வருகிறதா என்று மகிழினி கேட்டாள், இல்லை என்றேன். அம்மாவும் இல்லை என்றுதான் சொன்னாளாம். உன் கம்ப்யூட்டர் அதைச் சம்பந்தமில்லாத இரண்டு வீட்டுத் தொல்லை என்று எடுத்துக்கொள்ளும். கெட்டது ஒரே தூக்கம்தான் மகளே.

திருத்தச் சொல்லி எழுதவில்லை. அந்தப் பெண் குறித்தது பொய்யும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, இனி அவளும் நானும் ஒரு வீட்டில் இருப்போம் என்கிற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. நீ யாரோடும் சண்டைக்குப் போகாதே, அந்தக் கோபமெல்லாம் அம்மா தலையில்தான் விடியும்.

வெறும் பிரெட்டைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் ஆராய்ச்சி நல்லபடியாக முடியட்டும், நீ நன்றாக இரு. அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதத்தான் கை போனது, அவளைக் கேட்காமல் எப்படி எழுதுவது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மாவிடம் போன் கிடையாது, நான் கூப்பிட்டால் அசோகன் எடுப்பதில்லை, நீ கூப்பிட்டால் எடுப்பான். அடுத்த முறை அவளோடு பேசும்போது என்னையும் அந்த லைனில் சேர்த்துவிடு. பாரி இருப்பான், நான் ஒன்றும் பேசமாட்டேன். அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் இருமினால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு உன் அப்பா,
நீலமேகம்,
கீழ்வீடு.