ராத்தா அனுப்பிய மவுத்து வீட்டுச் சோறு

உக்குவளை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகள் ஜஸ்லாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் றிஸ்வானும் பேத்தி அம்றாவும் மெல்பர்ன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க அல்லாஹ் துணை. இங்கே நானும் வாப்பாவும் நல்ல சுகம், வாப்பாவின் இடது முழங்காலைத் தவிர, அது ரேடியோவுக்கு முன்னால் மழையை அறிவித்துவிடுகிறது, பதினைந்து நாளாக அதன் அறிவிப்பு ஒன்றும் பிழையாகவில்லை. வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டால் போதாதா, எதற்கு இந்தக் காலத்தில் காகிதமும் பேனையும் என்று நீ கேட்பாய். வாட்ஸ்அப் பக்கமே நான் இப்போது தலை வைத்துப் படுப்பதில்லை. அது எனக்குச் செய்த காரியத்தைக் கீழே வாசித்தால் உனக்கே விளங்கும். உண்மையில் காரியத்தைச் செய்தது நான், பழியைத்தான் போன் மேல் போடுகிறேன். கடிதம் பஸ்லி மாமாவின் பெட்டியில் வருகிறது, அவர் மகனைப் பார்க்க அடுத்த கிழமை அங்கே வருகிறார். கட்டைச் சம்பல் போத்தல் ஒன்றும் கொடுத்திருக்கிறேன், அதை விமான நிலையத்தில் பிடுங்கினாலும் கடிதத்தைப் பிடுங்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நீ விமானம் ஏறுவதற்கு முந்திய நாள், உம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு வலைப்பூ உண்டாக்கித் தந்துவிட்டுப் போனாய். எட்டு வருடமாகப் பொழுதும் போகிறது, கறியும் கருகுகிறது. முப்பத்தொரு வாசகர்கள் இருக்கிறார்கள். அதில் வாப்பா தன் போனில் ஒரு தடவையும் என் போனில் ஒரு தடவையும் திறந்து பார்ப்பதால் அவர் மட்டும் இரண்டு பேர். முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பியைத் திருத்தியவளுக்கு ஓய்வு காலத்தில் ஆட்களைத் திருத்தி எழுதும் வருத்தம் பிடித்துக்கொண்டது. மீன்காரர் வந்து கேற்றடியில் நின்றால் நான் அவர் மூக்கைத்தான் பார்க்கிறேன், இந்த மூக்கை எந்தக் கதையில் வைக்கலாம் என்று, அந்த நேரம் பார்த்து அவர் நேற்றைய மீனை என் தலையில் கட்டிவிடுகிறார். கறிக்கு உப்புப் போட்டேனா என்பது எனக்கு ஞாபகம் இருப்பதில்லை, ஆனால் நான் கற்பனையில் உண்டாக்கிய ஒரு பெண்ணுக்கு எந்தக் காதுத் தோடு தொலைந்தது என்பது அச்சொட்டாக ஞாபகம் இருக்கிறது. கட்டிலில் பாதி இடத்தைப் புத்தகங்கள் பிடித்துவிட்டன, வாப்பா ஓரத்தில் ஒரு விருந்தாளி மாதிரிப் படுக்கிறார், பாவம். இதில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதும்போது சொந்தக்காரர், அயலவர் பெயர்களை அப்படியே வைத்து எழுதுவேன், அப்போதுதான் ஆட்கள் வாய் திறந்து பேசுவார்கள். எழுதி முடித்தபின் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றிவிடுவேன். பெயரை மாற்றினால் ஆளையே மாற்றிவிட்டதாக எனக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் மாத்தளையில் அந்த நம்பிக்கை எனக்கு மட்டும்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

உன் பெரியும்மா, என் ராத்தா ஹமீமா, ஏழு வருடமாக என்னோடு பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும். ஏன் என்று கேட்ட போதெல்லாம் ஏதோ சின்ன மனஸ்தாபம் என்று நான் மழுப்பினேன். சின்னது இல்லை மகள். ராத்தாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு அவரை நிறுத்தினார்கள், எங்கள் உம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு கை வேண்டும், அந்தக் கை ராத்தாவுடையது. படித்த கொஞ்சமும் மறந்துவிட்டது. நான் படித்தேன், டீச்சரானேன். அவர் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி இருப்பார், அவர் ஊர் அலுவிகாரையில் ஒருவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அதை நான் கதையாக எழுதிவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தச் சிறுமி விம்மி விம்மி அழுகிறாள் என்று முடித்தேன், நானும் சேர்ந்து அழுதேன், என் எழுத்தைப் பார்த்து நானே அழுவது எனக்குப் புதிதில்லை. வழக்கம் போலப் பெயரை மாற்றியிருந்தேன். வாசித்த அத்தனை பேருக்கும் ஆள் யார் என்று தெரிந்தது. ராத்தா கதவைச் சாத்திக்கொண்டார். நோன்புப் பெருநாளுக்கு நான் அனுப்பிய பலகாரம் மூடி திறக்காமல் திரும்பி வந்தது.

இனி போன மாதத்துக் கதைக்கு வருகிறேன். பேசாமல் இருக்கும் ஒரு ராத்தாவும் தங்கச்சியும், ராத்தா மவுத்தாகிவிடுகிறார், தங்கச்சி முகம் பார்க்க ஓடி வருவதற்குள் ஜனாஸாவை எடுத்துவிடுகிறார்கள். முதல் பந்தியை ஜனாஸா அறிவித்தல் மாதிரியே எழுதினேன், நல்ல உத்தி என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். மரணித்தவருக்கு மஸாஹிரா என்று புதுப்பெயர் வைத்தேன். ராத்தாவின் மகன் நப்லானின் பெயரையும் கதை முழுக்க மாற்றினேன், அந்த முதல் பந்தியைத் தவிர. அலுவிகாரை, நப்லானின் பாசமிகு தாயார், மிளகுக்கொடி படர்ந்த மதில் வீடு, எல்லாம் அப்படியே கிடந்தது. நம் ஊரில் ஒரு பொம்பிளையின் சொந்தப் பெயர் யாருக்குத் தெரியும். நாற்பது வருடமாக ராத்தா எல்லோருக்கும் நப்லான்ட உம்மாதான். வாட்ஸ்அப்பில் ஊர்ச் செய்திக் குழு நடத்தும் ஹாட்வெயார் கடை ஸப்ரி என் வாசகர்களில் ஒருவர், முதல் பந்தியோடு நிறுத்திவிடும் வகை. அவர் அதை வாசித்து, டீச்சர் தன் ராத்தாவின் மவுத்தையே போட்டிருக்கிறார், பாவம் அழுகையில் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார் என்று இரங்கி, மஸாஹிராவை வெட்டி, நப்லானின் தாயார் என்று திருத்தி, அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்று எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார்.

மகள், இனிச் சொல்வதை வாப்பாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள், நான் சொன்னால் கதை என்பாய். அந்தச் செய்தி எனக்கும் வந்தது. ஐந்து குழுவில் ஐந்து தடவை. நானும் நம்பினேன். நான் எழுதியதை நானே வாசித்து, இன்னாலில்லாஹி என்று சொல்லிக்கொண்டு குசினித் தரையில் குந்திவிட்டேன். ஏழு வருடம், உக்குவளைக்கும் அலுவிகாரைக்கும் நடுவில் மாத்தளை டவுன் ஒன்றுதானே இருக்கிறது, ஒரு நாள் போய்க் கதவைத் தட்டாமல் விட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அந்த அழுகையில் உத்தி ஒன்றும் இல்லை. வாப்பா திரீவீலைக் கூட்டி வந்தார், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஏறினேன். டவுனைத் தாண்டியதும் செய்தியை மறுபடி மறுபடி வாசித்தேன். அப்போதுதான் அந்த மிளகுக்கொடி படர்ந்த மதில் கண்ணில் பட்டது. ஜனாஸா அறிவித்தலில் யார் மிளகுக்கொடியைப் பற்றி எழுதுவார்கள். இந்த நாட்டில் அப்படி எழுதக்கூடிய ஆள் ஒருத்திதான். விளங்கியதும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, வெட்கம். ராத்தாவின் வீட்டுக்கு முந்திய வளைவில் திரீவீலைத் திருப்பச் சொன்னேன். வாப்பா எவ்வளவோ சொன்னார், நான் கேட்கவில்லை. வீடு வந்து இறங்கும்போது, மவுத்து என்டதும் ஓடிப் போற, உசிரோட ஈக்கிறாங்க என்டு தெரிஞ்சதும் திரும்பி வார, ஒலகத்துலயே ஒன்ன மாதிரி ஆள் நீ ஒருத்திதான் என்றார். எட்டு வருடத்தில் நான் எழுதிய எல்லாக் கதைகளிலும் சேர்த்து இப்படி ஒரு வசனம் கிடையாது.

அங்கே நடந்ததை நப்லான் பிறகு சொன்னான். ராத்தா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாராம், முற்றம் நிறைய ஆட்கள். மவுத்து வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று மூன்று வீட்டிலிருந்து சோறு வந்து இறங்கியதாம். அயல் வீட்டு நல்லையா மவுத்துக்கு வெள்ளைக் கொடி கட்ட ஏணியோடு வந்து நின்றாராம். வந்ததுதான் வந்தீங்க, அந்த ஒடஞ்ச ஓட்ட மாத்திட்டுப் போங்க, மழைக்கு ஒழுகுது என்று ராத்தா அவரைக் கூரையில் ஏற்றினாராம். மறுநாள் பகல் நப்லான் எங்கள் வீட்டுக்கு வந்தான், கையில் ஒரு அலுமினியச் சட்டி. உம்மா தந்தாங்க, மவுத்து வீட்டுச் சோறாம், ஒரே வயித்துல பொறந்தவளுக்கும் ஒரு பங்கு ஈக்கிதாம் என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிவிட்டான். ராத்தாவின் மவுத்துச் சோற்றை ராத்தா அனுப்பி நான் சாப்பிட்டேன். உப்புக் கூட, என் கண்ணிலிருந்தும் கொஞ்சம் விழுந்திருக்கும்.

சோறு முடிந்தது, சட்டி மிஞ்சியது. வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிற வழக்கம் நம்மிடம் இல்லையே. அதில் எதைப் போட்டு அனுப்புவது என்று மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன், ஒரு கதைக்கும் இவ்வளவு யோசித்ததில்லை. வட்டிலப்பம் என்றால் ராத்தாவினுடையது என்னுடையதை விட நூறு மடங்கு நல்லது. பேக்கரிக் கேக் என்றால் அவமரியாதை. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைக்கலாம் என்று கூட நினைத்தேன், வாசிக்கத் தெரியாதவருக்கு. என் அறிவு இவ்வளவுதான். கடைசியில் தேங்காய் ரொட்டி சுட்டேன். சின்ன வயதில் ராத்தா அடுப்படியில் ரொட்டி தட்டுவார், நான் பலகைக்கட்டையில் குந்திக்கொண்டு கொப்பியில் எழுதியதை வாசித்துக் காட்டுவேன். சுடும்போது ராத்தாவிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் வசனம் எழுதிப் பார்த்ததில் எல்லா ரொட்டியும், அந்தக் காலத்தில் நான் சுட்டது மாதிரியே, ஒரு பக்கம் கருகிவிட்டது. அதையே போட்டு, நப்லானிடம் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு போனேன். அந்த வளைவு வந்தபோது திரீவீல்காரர் திரும்பிப் பார்த்து, இந்த முறை நேரேதானே டீச்சர் என்று கேட்டார்.

ராத்தா கதவைத் திறந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். இன்னமும் ஒரு பக்கம் கருக்குறியா என்றார். ஏழு வருடத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. உள்ளே கூட்டிப் போய்க் கதிரையைக் காட்டி, சரி, அந்தக் கதைய வாசி, என்னப் பத்தி எழுதினத என்றார். போனை எடுத்து வாசித்தேன். அழுகிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். நான் எங்கடி அழுதேன், கணக்கு டீச்சர்ட அடி இனி இல்ல என்டு வழி நெடுகத் துள்ளிக்கிட்டு வந்தேன் என்றார். மகள், ஐம்பது வருடமாக அவர் கண்ணீரில்தான் என் படிப்பு முளைத்தது என்று நம்பிக் குமைந்தவள் நான், அதை வைத்து மூன்று கதை எழுதி, ஒன்றுக்கு ஆறுதல் பரிசும் வாங்கியவள். அப்படியென்றால் ஏன் ராத்தா இத்தனை வருடம் பேசவில்லை என்று கேட்டேன். ரொட்டியின் கரியை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார், சின்னதுல நீ எழுதின எல்லாத்தையும் எனக்குத்தானே மொதல்ல வாசிச்சிக் காட்டுவ, இத மட்டும் ஊரே கேட்ட பொறகு நான் கேட்டேன், கலியாண வூட்டுல, யாரோ ஒரு பொம்புள சிரிச்சி சிரிச்சி வாசிக்க. அழுதேன், அவர் தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்தார், எனக்கு வயது அறுபத்திரண்டு. பிறகு அவர் மவுத்தாகும் கதையையும் வாசிக்கச் சொன்னார். கடைசிவரை கேட்டார். தங்கச்சி ஏன் பிந்தினாள் என்றார். வழியில் திரீவீல் பழுதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறேன் என்றேன். பொய், அவ வளைவு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருப்பா என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அன்று வந்தவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டு, என்னைத் தேடிக்கொண்டு, அந்த வளைவு தெரிகிற மதிலடியில்தான் அவர் நின்றிருக்கிறார்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் அஸருக்கு முன் அலுவிகாரை போகிறேன். எழுதியது முதலில் ராத்தாவுக்கு, அதற்குப் பிறகுதான் வலைப்பூவுக்கு. கோபிக்காதே மகள், இனி நீ என் இரண்டாவது வாசகி. முதல் வாசகி பொல்லாதவர், ஒரு மாதத்தில் இரண்டு கதையைக் கொன்றுவிட்டார், வாப்பா நிம்மதியாகச் சாப்பிடுகிறார். அம்றாவுக்குத் தினமும் பத்து நிமிடமாவது தமிழ் சொல்லிக்கொடு, போனைக் கையில் கொடுத்துவிட்டுச் சமைக்காதே. நீயும் றிஸ்வானும் கோபித்துக்கொண்டால் அன்றே பேசி முடியுங்கள், வளைவு வரை வந்து திரும்பும் புத்தி உம்மாவோடு போகட்டும். வேலைக்குப் போகும்போது காலுறை போட மறக்காதே. பெரியும்மாவுக்குப் போன் எடு, எழுதி அனுப்பாதே, பேசு. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் ஈமானையும், சிரிக்கத் தெரிந்த மனதையும் தரட்டும்.

உன் உம்மா,
நூருன்னிஸா ஜவாஹிர்

பி.கு. இந்தக் கடிதத்தையும் ராத்தாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் உறையை ஒட்டினேன். மூன்று இடத்தில் வெட்டச் சொன்னார். இரண்டை வெட்டிவிட்டேன். மதிலடியில் நின்றதை மட்டும் வெட்டவில்லை, அதை நான் வாசித்தபோது, அப்படி நிற்கவில்லை என்று அவர் சொல்லவில்லை.