காதுகுத்துப் படத்தில் காது

ஜூன் 9

சிவகிரி காதுகுத்துப் படங்கள் ஆயிரத்து இருநூறும் கம்ப்யூட்டரில் இறுதிக் கோப்புகளாக எக்ஸ்போர்ட் ஆகி முடிய மூன்று மணி பத்து நிமிடம். ஒரு படத்துக்கு ஒன்பதரை வினாடி. திரையில் கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இசக்கியப்பன் ஸ்டுடியோவுக்குள் வந்தார். ஓய்வுபெற்ற ஏட்டு. மகள் சத்யபிரியாவுக்கு 27ஆம் தேதி குற்றாலத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வேல்ராஜ் பட்டாளத்தில் இருக்கிறார். லீவு நான்கே நாள்.

"மறுநாள் சாயந்தரம் ரயில் ஏறுதாரு. ஏறும்போது எல்லாப் படமும் அவரு கையில இருக்கணும். அவரு போற எடத்துல நெட்டு கிடையாது. முடியலைன்னா இப்பமே சொல்லிருங்க அண்ணாச்சி, வல்லிநாயகம் இருக்கான்."

அந்தப் பெயரை என் கடைக்குள் சொல்லியிருக்க வேண்டாம். முடியும் என்றேன்.

ஜூன் 10

பிறக்கப்போகிற பிள்ளைக்கு மொட்டை போடும்போதுதான் என் கடையிலிருந்து கல்யாணப் படம் வரும் என்று வல்லிநாயகம் என்னைக் கிண்டலடித்துத் திரிகிறானாம். ஆறு வருடம் என் கூட்டாளி. பிரிந்த கையோடு, நான் எடுத்த நாற்பது படங்களைத் தான் எடுத்ததாக பேஸ்புக்கில் போட்டான். ஒன்பது வருடம் ஆகிறது. நாற்பதையும் இன்றும் வரிசையாகச் சொல்வேன்.

அன்றிலிருந்து இங்கிருந்து போகும் ஒவ்வொரு படத்திலும் குறுக்கே என் கையெழுத்து. யார் கெஞ்சியும் எடுத்ததில்லை.

ஜூன் 12

புது கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னான் கடைக்காரன். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்த என்னிடம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, அள — அவ்வளவுதான். சோதனைக்கு எப்போதும் அதே நூறு படங்கள். இன்று 15 நிமிடம் 50 வினாடி.

மூலப்படங்கள் இருப்பது பழைய வெளி டிஸ்கில். முடிந்தவையும் அதற்கே திரும்புகின்றன. ஒரே வாசலில் போகிறவனும் வருகிறவனும் முட்டிக்கொண்டால்? இரண்டையும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்கு, பல மடங்கு வேகமான டிஸ்குக்கு, மாற்றினேன். 13 நிமிடம்.

ஜூன் 13

கிராபிக்ஸ் கார்டு இத்தனை நாளும் சும்மா இருந்திருக்கிறது. மென்பொருள் அமைப்பில் அதற்கு ஒரு டிக். 11.40.

ஜூன் 15

ஐந்தருவியில் ஒரு குடும்பத்தைப் படம் எடுக்கப் போனேன். நல்ல சாரல். வல்லிநாயகமும் அங்கே, குடைக்கடியில், ஒரு ஜோடியோடு.

"என்ன அண்ணாச்சி, இன்னும் ஓடுதா?"

"எது?"

"சிவகிரி காதுகுத்து."

அந்த ஜோடியும் சிரித்தது. லென்ஸைத் துடைத்துக்கொண்டு நின்றேன். 28ஆம் தேதி பேசிக்கொள்ளலாம்.

ஜூன் 18

ஆன்ட்டிவைரஸை அந்த ஃபோல்டர் பக்கம் போகாமல் நிறுத்தினேன். 11 நிமிடம். அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. கல்யாணத்துக்கு ஆயிரத்து எழுநூறு படமாவது வரும். இந்தக் கணக்கில் மூன்று மணி நேரத்துக்கு மேல். 28ஆம் தேதி நிறம் சரிசெய்து முடிக்கவே மதியம் ஆகிவிடும். இடையில் கரண்ட் போனால்?

ஜூன் 19

மனைவி ஆனந்தவள்ளி சாப்பாடு கொண்டுவந்தாள். சிவகிரிப் படங்களைப் பார்த்தவள், "ஏங்க, காதுகுத்துப் படத்துல காதைக் காணோமே" என்றாள். கையெழுத்து சரியாகக் குழந்தையின் காதுமேல் விழுந்திருக்கிறது. "பிள்ளைக்கு முன்னால உங்க பேருல்லா தெரியுது."

சுள்ளென்று வந்தது. ஒன்பது வருஷமா நான் பட்டது இவளுக்கு என்ன தெரியும்? கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்ட அந்தக் கோப்பைத் திறந்தேன். திறக்கவே நேரம் எடுத்தது. எடுக்காதா? கடை போர்டுக்காகச் செய்த கோப்பு, பன்னிரண்டாயிரம் பிக்சல் அகலம். ஒவ்வொரு படத்துக்கும் அந்த போர்டு முழுவதையும் தூக்கி, சுருக்கி, ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது பாவப்பட்ட இயந்திரம்.

கையெழுத்தை எடுத்துவிட்டு ஓட்டினேன். 4 நிமிடம் 50.

என்னைத் தாமதமாக்கியது வல்லிநாயகம் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதவில்லை. அறுநூறு பிக்சலில் புதிதாகச் செய்து வலது மூலையில் வைத்தேன். 5 நிமிடம். ஒரு படத்துக்கு மூன்றே வினாடி. போதும்.

ஜூன் 27

கல்யாணம். 1,700 படங்கள். கால் கடுக்கிறது.

ஜூன் 28

ஒன்றரைக்கு ஓடவிட்டேன்; இரண்டு ஐம்பத்தைந்துக்கு முடிந்தது. ரயில் ஆறரைக்குத்தான். இசக்கியப்பன் மாப்பிள்ளையோடு வந்து கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வேல்ராஜ் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சார், அவ தனியா நிக்குத படம் ஒண்ணு மட்டும் பேரு இல்லாம கிடைக்குமா? அங்கன கட்டிலுக்கு மேல ஒட்டணும்."

இல்லை என்ற சொல் வாய்வரை வந்தது. ஒன்பது வருடமாக வருகிற சொல். ஆனால் மணி மூன்றே கால். நேரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நேரத்தை உண்டாக்கியவனே நான்தான்.

"டீ குடிச்சிட்டு வாங்க. எல்லாத்தையும் பேரு இல்லாமலே தாரேன்."

ஐந்து மணிக்கு முன் பென்டிரைவ் அவர் கையில் இருந்தது.

ஜூலை 6

இசக்கியப்பனின் தம்பி வீட்டுக் கல்யாணத்தையும் எனக்கே சொல்லிவிட்டார்கள். சத்யபிரியா படங்கள் வாட்ஸ்அப்பில் தென்காசி முழுக்கச் சுற்றுகின்றன. வல்லிநாயகம் ஒன்றைத் தூக்கித் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். போடட்டும். யார் எடுத்தது என்று ஊருக்குத் தெரியும்.

இன்றைய வளைகாப்புப் படங்களிலும் கையெழுத்துக்கான டிக்கைப் போடவில்லை. நூறு படத்துக்கு 4 நிமிடம் 50.

அவன் தனதென்று போட்ட அந்த நாற்பதை மட்டும் விடுவதாக இல்லை.