சுவர்ப் பொந்தில் ஒரு பல்பு

1938 அக்டோபர் 3, சேலம்

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று இன்று படித்தோம். மரியபுஷ்பம் டீச்சர் மூன்று அட்டைகளில் துளையிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக் காட்டினார். நடு அட்டையைக் கொஞ்சம் நகர்த்தியதும் சுடர் காணாமல் போயிற்று. இன்னொரு தரம் காட்டச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் என் மசிப்புட்டி பாதி காலி. அம்மா சுட்ட புண்ணுக்கு மருந்தென்று இடது மணிக்கட்டில் ஊற்றியிருக்கிறாள். நேற்றுப் பொழுது சாய்ந்து சோறு வடித்தபோது கஞ்சி கொட்டியதாம். “பானை விளிம்பு தெரியல சாமி” என்றாள். சமையலறையில் இருப்பது ஒரு சிம்னி விளக்கு. அதன் சுடர் புளியங்கொட்டை அளவு. மழைக் காற்றில் அதுவும் நிற்காது.

அக்டோபர் 8

புண் நீர் கோத்திருக்கிறது.

அக்டோபர் 9

அரிக்கேன் வாங்கலாமா என்று அம்மா கேட்டாள். அப்பா மண்டியில் தராசு பிடிக்கிறவர். எதையும் எடை போட்டுத்தான் பதில் சொல்வார். “அரிக்கேன் மண்ணெண்ணெயக் குடிக்குமே” என்றார். தகரம் வைத்த சுவர் விளக்கு? அதற்குக் கண்ணாடி அடிக்கடி உடையும். கடைசியில் அவராகவே சொன்னார்: தெருவில் கம்பம் நட்டாயிற்று, எலக்ட்ரிக் போட்டுவிடலாம். ஆனால் ஒரே ஒரு பல்புதான். இரண்டாவதை நினைக்கவே கூடாது.

அக்டோபர் 12

அந்த ஒன்று எங்கே, முன்னறையிலா, சமையலறையிலா?

“முன்னால போட்டாத்தான் நாலு பேருக்குத் தெரியும்” என்கிறார் அப்பா. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். இந்தப் புத்தகத்தில் பொய் எழுதக் கூடாது: எனக்கும் முன்னறையில்தான் வேண்டும். அங்கேதான் நான் படிக்கிறேன். மார்ச்சில் பரீட்சை.

அக்டோபர் 16

வயரிங் செய்ய லாசர் அண்ணன் வந்தார். கேட்டதும் சிரித்துவிட்டார்.

“தீர்த்தகிரி அண்ணா, இதுக்கா புருசன் பொஞ்சாதி மொகத்தத் தூக்கி வெச்சிருக்கீங்க? நடுச்சுவத்துல ஒரு பொந்து போட்டு, அதுல பல்ப மாட்டுனா ரெண்டு பக்கமும் வெளிச்சம். பாதி ஊர்ல அப்பிடித்தான் எரியுது.”

“ஏனுங்க, அடுப்புப் புகை பட்டா அணைஞ்சு போகாதுங்களா?” என்றாள் அம்மா.

“அது ஊதுனாலும் அணையாதுங்க அக்கா. பில்லு கட்டாட்டித்தான் அணையும்.”

அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 19

இன்று பொந்து போட்டார்கள். எந்த உயரத்தில் என்பதை முடிவு செய்தவள் நான். லாசர் அண்ணன் மேலே, கூரை மோட்டுக்குப் பக்கத்தில் கரியால் கோடு போட்டார். தூரம் கூடினால் வெளிச்சம் குறையும் என்று டீச்சர் சொன்னதை அவருக்கு விளக்கினேன். என் மேசைப் பலகையிலிருந்து நூல் பிடித்து அளந்து, தரையிலிருந்து நாலடியில் வேறு கோடு போட்டேன்.

“இன்னும் மேல போனா நல்லதுங்க பாப்பா.”

“எம் புள்ள படிச்சவ. சொல்ற எடத்துல போடு” என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்டோபர் 27

கரண்ட் வந்துவிட்டது! அப்பா விரலில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவிட்சை அழுத்தினார். எழுத்தெல்லாம் மை காயாதது போலத் தெரிகிறது. பத்துப் பக்கம் படித்தேன்.

நவம்பர் 2

சோற்றில் கல். இரண்டு தடவை. “வெளிச்சம் வந்துங் கூடவா?” என்றார் அப்பா.

நவம்பர் 5

தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் சிம்னி விளக்கு எரிகிறது. பல்பு எரிகிறபோதே!

எங்கள் அடுப்பு கிழக்குச் சுவரோரம் இருக்கிறது. கிழக்கே பார்த்து உட்கார்ந்துதான் சமைக்க வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். பொந்து போட்ட நடுச்சுவர் மேற்கே. வெளிச்சம் முழுவதும் அம்மாவின் முதுகில் விழுகிறது. பானை, கரண்டி, புண் ஆறாத கை, எல்லாம் அவள் நிழலுக்குள்ளே. லாசர் அண்ணன் போட்ட கோட்டில் என்றால் வெளிச்சம் அவள் தலைக்கு மேலாக வந்திருக்கும்.

நேர்கோடு, நேர்கோடு என்று எழுதி வைத்தேனே. நடுவில் ஒரு ஆள் உட்காருவாள் என்று ஏன் தோணவேயில்லை? பலகைக்கு நூல் பிடிச்சேன், அடுப்புக்குப் பிடிக்கவே இல்லையே —

“ஏம்மா நீ சொல்லல?”

“நீ படிக்கறதுக்கு ஆவுதில்ல, உடு” என்றாள்.

நவம்பர் 6

அப்பாவிடம் என் தப்பைச் சொன்னேன். பொந்தை மாற்றினால் கூலியும் வயரும் மறுபடி ஆகும் என்றார். அடுப்பையாவது திருப்பலாமா என்றேன். “மேக்க பாத்து எவ ஊட்ல சோறாக்கறா?” என்று எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 7

சமையலறையில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். என் நிழலும் சேர்ந்துகொண்டது. அம்மா போகச் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 11

அப்பா ஓமலூர்ச் சந்தைக்குத் தராசோடு போய்விட்டார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது சமையலறை முழுவதும் ஈரமண். அம்மா பழைய அடுப்பைக் கடப்பாரையால் பெயர்த்திருந்தாள். சுவரை விட்டுத் தள்ளி, வாய் கிழக்கே பார்க்கும்படி புது அடுப்பு. இனி மேற்கே பார்த்து உட்கார வேண்டும். பூசுவதற்கு நானும் மண் பிசைந்து கொடுத்தேன்.

நவம்பர் 14

புது அடுப்பு காயும்வரை வாசலில் கல் கூட்டிச் சமைத்தாள். அப்பா மூன்று நாளாக அடுப்பைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கவில்லை. இன்று உள்ளே பற்றவைத்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்.

“அடுப்பு ஏன் திரும்பிக் கெடக்குது?”

“கெழக்க பாத்தா எனக்குச் சோறு தெரியலீங்க.”

அப்பா பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு ரசம் கேட்டார். சோற்றில் கல் இல்லை.

நவம்பர் 20

சிம்னி விளக்கைக் கழுவிப் பரணில் வைத்தாயிற்று.

படித்துக்கொண்டிருந்தவள் எழுந்தேன். பொந்து வழியாக அம்மாவின் முகம் தெரிந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. பழையது. எப்படி வந்தது என்று இதுவரை கேட்டதில்லை.