அப்பாவின் ஆறு பாட்டுகள்

கல்லல்,
புதன்கிழமை

அன்பு மகன் முத்துக்கண்ணனுக்கு அம்மா எழுதுவது. அந்த வெயில் ஊரில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் கும்பிடுகிறேன். நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுத வந்த கை அப்படியே நின்றுவிட்டது. போனில் சொன்னால் பக்கத்தில் படுத்திருக்கிறவர் காதில் விழும், அதனால்தான் எழுதி, லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிற உன் கூட்டாளி மாயக்கண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பக்கவாதத்தில் பேச்சுப் போனபிறகு அவர் வாயில் சொல் வந்ததெல்லாம் பாட்டாகத்தான். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சௌபர்ணிகா, "பேச்சு வராதவுகளுக்கும் பாட்டு வரும்மா, தினமும் போட்டுவிடுங்க" என்று சொன்னதால், நீ லீவில் வந்தபோது அவருக்குப் பிடித்த ஆறு பழைய பாட்டுகளை என் போனில் ஒரு பாட்டு ஆப்பில் இறக்கி வைத்தாய். இரண்டை முழுதாகப் பாடினார், அந்த மெட்டிலேயே தண்ணீர்கூடக் கேட்டார். போன மாதம் பத்தாம் தேதி பார்த்தால் ஆறும் சாம்பல் நிறமாகிக் கிடக்கின்றன, தொட்டால் சந்தா முடிந்தது என்று வருகிறது. செக்காலை ரோட்டு மொபைல் கடைத் தம்பி, "ஆப்புக்குள்ள எறக்குனது நம்ம பாட்டு இல்லம்மா, சந்தா இருக்குற வரைக்குந்தான் பாடும்" என்றான். இறக்கி வைத்தது எப்படியப்பா நம்முடையது இல்லாமல் போகும்? வீடியோவில் தேடிப் போட்டேன், நடுவில் சோப்பு விளம்பரம் வந்து, பாதி வரியில் நின்றவர் மறுபடி தொடங்கவே இல்லை. அந்தத் தம்பி ஏதோ வெப்சைட்டிலிருந்து இறக்கிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான், அதே பாட்டுதான், ஆனால் டொம் டொம் என்று புது அடி சேர்த்து ஓட்டமாக ஓடுகிறது, பிடிக்க முடியாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு நீ நல்ல ஒலி என்று அனுப்பினாயே, அதைப் பென்டிரைவில் ஏற்றிச் செருகினால் ஸ்பீக்கர் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்குகிறதே தவிரச் சத்தம் இல்லை. மறுபடி பஸ் ஏறிப் போனேன். "இது ஃப்ளாக் ஃபைலும்மா, ஒங்க பெட்டி எம்பி3 மட்டுந்தான் படிக்கும், மாத்தித் தாரேன், திங்கக்கெழம வாங்க" என்றான். திங்கட்கிழமை கடையே பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னழகைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு எத்தனை தடவைதான் போவேன்.

இருபத்துமூன்று நாள் அவர் வாயே திறக்கவில்லை. நேற்று மனசு கேட்காமல் நானே பாடினேன். எனக்கு என்றைக்குச் சுருதி சேர்ந்தது? இரண்டாவது வரியில் நல்ல கையை நீட்டி என் வாயைப் பொத்தி, "வேணாம்" என்றார். மெட்டே இல்லாமல், கல்யாணமான புதிதில் சொல்வாரே, அதே எரிச்சலோடு. எட்டு மாதத்தில் பாட்டில்லாமல் வந்த முதல் சொல். அழுதுகொண்டே சௌபர்ணிகாவுக்குப் போன் போட்டேன், "நல்லதும்மா, ஆனா பாட்ட மட்டும் விட்டுறாதீக" என்றது அந்தப் பிள்ளை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அவர் காலைப் பிடித்துக்கூடக் கெஞ்சிவிட்டேன். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லையப்பா.

ஆறையும் பழைய மெட்டிலேயே எம்பி3யாக மாற்றி அனுப்பு. லீவு கிடைக்காது என்று தெரியும், கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கி, நோய்நொடி அண்டாமல் நல்லாயிருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, போன் போடும்போது அவரிடமும் பேசு. பதில் வரவில்லை என்று சட்டென்று வைத்துவிடாதே, நீ வைத்த பிறகும் அவர் போனைக் காதிலேயே வைத்திருக்கிறார்.

உன் அம்மா,
பாண்டீஸ்வரி