எரிந்துகொண்டிருந்த ஹீட்டர்

18.5.1997, ஞாயிறு

சேத்தியாத்தோப்பிலிருந்து அண்ணன் வந்திருந்தார். ஹாலில் என் வீட்டுக்காரர் அவரிடம், "நாட்டையே கெடுத்துட்டானுங்க, மச்சான்" என்று வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்த அண்ணன் கரண்ட் ஹீட்டரைப் பார்த்தார். மேலே பாத்திரமில்லை, கம்பி மட்டும் சிவந்திருந்தது.

"என்னாம்மா, சும்மா எரியுது?"

"அணைச்சா மறுபடி சூடாவ நேரமாவும்ண்ணா. கம்பெனி குவார்ட்டர்ஸ்ல யாரும் அணைக்கறதில்ல. கரண்டுக்கு நாம காசா குடுக்கறோம்?"

"அங்க வயலுக்குத் தண்ணி பாய்ச்ச, கரண்ட் எப்ப வரும்னு ராத்திரியெல்லாம் மோட்டார் கொட்டாய்ல முழிச்சிக்கினு கெடக்கறேன்" என்று சிரித்தார். கோபித்திருந்தால் தேவலை.

அப்போதே அணைத்தேன். அண்ணனை பஸ் ஏற்றிவிட்டு வந்து காபி போட்டேன். குடித்து முடித்து டம்ளரைக் கழுவப் போனால், வெறும் ஹீட்டர் சிவந்துகிடக்கிறது. நான்தான் விட்டிருக்கிறேன்.

ஹாலில் அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் மறுபடி ஆரம்பித்திருந்தார். யாரைத் திட்டுகிறார் என்று இன்றுதான் காதுகொடுத்துக் கேட்டேன்: "பொதுச் சொத்துன்னா எவனுக்கும் அக்கறையில்ல, சார்."